திண்ணையும் வகுப்பறையும் கண்ட ஆசிரியர் - நல்லூர் ஆறுமுக நாவலர்

ஆண்டுதோறும் எம் பாடசாலையிலே பெற்றோர் கூட்டம் நடைபெறும்பொழுது ஒரு வழக்கு எழுவதுண்டு. பிள்ளைகள் ஒன்றையும் மனனஞ் செய்வதில்லை, ஆசிரியரைக் கண்டால் எழுந்து நிற்பதில்லை, தமிழ் வகுப்பிலாவது சற்றுக் கண்டிப்பு வேண்டாமா என்று பெற்றோர் கேட்பர். பிள்ளைகளோ, கிழமை நாட்களிலே ஆங்கிலப் பாடசாலையில் கேள்வி கேட்டால் ஆசிரியர் பாராட்டுகிறார், சனிக்கிழமை தமிழ் வகுப்பில் கேள்வி கேட்டால் மட்டும் ஏன் முகஞ் சுளிக்கிறார்கள் என்பர். இரு பகுதியினரும் கூறுவதில் நியாயம் உண்டு. இவ்வழக்கு இலண்டனிலே தோன்றியதன்று. ஏறக்குறைய நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் இரு கல்வி முறைகளுக்கும் இடையே நின்று, இரண்டையும் உள்ளிருந்து அறிந்த ஒருவர் இதற்கு விடை காண முயன்றார். அவருடைய வரலாற்றை இம்மலரிலே எழுத முற்பட்டோம்.

நல்லூரிலே, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசி மைந்தராக, 1822ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆம் நாள் ஆறுமுகம் பிறந்தார். ஒன்பது வயதளவிலே தந்தையை இழந்தார். அக்காலத்து வழக்கப்படி முதலிலே திண்ணைப் பள்ளியில் எழுத்தறிவு பெற்றுப் பின்னர் சரவணமுத்துப் புலவரிடமும் அவருடைய ஆசிரியராகிய சேனாதிராய முதலியாரிடமும் இலக்கண இலக்கியங்களைக் கற்றார்.

திண்ணைப் பள்ளி என்பது யாது என்பதை இங்குள்ள பிள்ளைகளுக்குச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும். அங்கே மணியும் இல்லை, நேரசூசியும் இல்லை. ஆசிரியரின் வீட்டுத் திண்ணையே பள்ளிக்கூடம். விசயதசமியன்று ஏடு தொடக்கிய குழந்தை மணலிலே விரலால் எழுதிப் பழகும். கை திருந்திய பின்னர் எழுத்தாணியும் பனையோலையும் கிடைக்கும். அச்சுப் புத்தகம் இல்லாத இடத்தில் மனமே புத்தகம். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, எண்சுவடி, நிகண்டு என ஒவ்வொன்றும் மனனமாகும். பொருள் பின்னரே விளங்கும், சிலருக்கு விளங்காமலே போவதும் உண்டு. வயதால் வகுப்புப் பிரிப்பது கிடையாது. விரைந்து கற்பவன் விரைந்து மேலே செல்வான். மெல்லக் கற்பவனுக்கு அவகாசம் உண்டு. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடஞ் சொல்லிக் கொடுப்பான். தண்டனைகள் கடுமையானவை. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளிலே பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனைகூட இருந்தது. பழைய முறை முழுவதும் பொன் என்று பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இவ்விடத்திலே ஒரு வியப்பான செய்தியையும் கூறாமல் இருக்க முடியவில்லை. அன்டுரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் சென்னையிலே அநாதைச் சிறுவர் பாடசாலை ஒன்றை நடத்திவந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனையும் மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் தம் பாடசாலையிலே கையாண்டார். 1797இல் அதனைப் பற்றி இலண்டனிலே நூலொன்றை வெளியிட்டார். இலண்டன் சதர்க் பகுதியிலே யோசேப் லங்காஸ்டர் என்பாரும் ஏழைச் சிறுவருக்கு இது போன்றதொரு முறையில் கற்பித்தார். ஆங்கிலேயர் மதராசு முறை என்று பெயரிட்டு இங்கிலாந்தெங்கும் பரப்பிய முறையிலே நம்முடைய சட்டாம்பிள்ளைக்கும் பங்குண்டு.

ஆறுமுகம் பின்னர் யாழ்ப்பாணத்திலே வெஸ்லியன் மிஷனார் நடத்திய ஆங்கிலப் பாடசாலையில் சேர்ந்தார். பிற்காலத்தில் மத்திய கல்லூரியாக வளர்ந்தது அதுவே. அங்கே கண்டது முற்றிலும் வேறான உலகம். மணியடித்தவுடன் பாடம் தொடங்கும். வகுப்புக்கள் படிப்படியாக வகுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு வகுப்புக்கும் அச்சிட்ட புத்தகம் இருந்தது. வினாவுக்கு விடை சொல்லும் முறையில் பாடம் நடந்தது. அதன் தலைவராகிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தமிழ் வல்லவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டவர். மாணவனின் திறமையைக் கண்ட அவர், இருபது வயது நிரம்புமுன்னரே அவரை அங்கே ஆசிரியராக நியமித்தார். தாம் செய்த வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் அவரைத் துணைக்கொண்டார். நெற்றியிலே திருநீறு துலங்க மிஷன் பாடசாலையில் கற்பித்த அவ்விளைஞரைத் தடுக்காத பாதிரியாரின் பெருந்தன்மையையும் நாம் மறத்தலாகாது.

பகலிலே மிஷன் பாடசாலையில் கற்பித்த ஆறுமுகம், காலையிலும் இரவிலும் தம் வீட்டிலே சில இளைஞருக்கு ஊதியம் பெறாது இலக்கணமும் சமய நூல்களும் கற்பித்தார். 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே முதற் பிரசங்கஞ் செய்தார். ஏட்டை வாசித்துப் பொருள் சொல்லும் புராண படனமே கோயில்களில் வழக்கமாயிருந்த காலத்திலே, ஒரு பொருளை எடுத்து ஒழுங்குபடுத்தி விளக்கும் பேச்சைக் கேட்டவர்களுக்கு அது புதுமையாயிருந்தது. பாதிரிமாரிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட வழி அது.

1848இல் மிஷன் வேலையைத் துறந்தார். கூடுதற் சம்பளம் தருவதாகக் கூறியும் அவர் இசையவில்லை என்று அவருடைய சரித்திரம் எழுதியோர் கூறுவர். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வீட்டிலே அவரிடம் கற்ற இளைஞரே அதன் முதல் ஆசிரியர்கள். ஆசிரியரை முன்னரே உருவாக்கிவிட்டுப் பாடசாலையைத் தொடங்கியது கவனிக்கத்தக்கது. வார இறுதிப் பாடசாலை நடத்தும் எம்மைப் போன்றோர் பெரும்பாலும் இதனைத் தலைகீழாகவே செய்கின்றோம்.

அப்பாடசாலை திண்ணையும் அன்று, மிஷன் பாடசாலையின் வெறும் நகலும் அன்று. வகுப்புப் பிரிவையும் கால ஒழுங்கையும் அச்சுப் புத்தகத்தையும் மிஷனாரிடமிருந்து எடுத்தார். மனனத்தையும் ஆசிரியரிடத்துப் பணிவையும் நூலைப் பிழையின்றி ஓதும் பழக்கத்தையும் திண்ணையிலிருந்து எடுத்தார். ஆனால் அச்சுப் புத்தகம் எங்கே? தமிழிலே பிள்ளைகளுக்குப் படிப்படியாகக் கற்பிக்கும் நூல் மிஷனாரிடமே இருந்தது. ஆகவே 1849இல் அச்சியந்திரம் வாங்குதற்காக மாணவர் சதாசிவப்பிள்ளையுடன் தமிழகஞ் சென்றார். அப்பயணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருடைய சொல்வன்மையைக் கண்டு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். திரும்பி வந்து, 1850 தொடக்கம் பாலபாடங்களை வெளியிட்டார்.

பாலபாடத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எழுத்து, பின்னர் சொல், பின்னர் சிறு வாக்கியம், பின்னர் கட்டுரை என ஏறிச் செல்லும். புணர்ச்சியிலே சிக்குண்ட சொற்களைப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்து, நிறுத்தக் குறிகள் இட்டு அச்சிட்ட முன்னோடிகளில் அவர் முதன்மையானவர். இலக்கணச் சுருக்கமும் இலக்கண வினாவிடையும் சைவ வினாவிடையும் வேறொரு நுட்பத்தைக் காட்டுவன. வினாவும் விடையுமாய்க் கற்பிப்பது கிறிஸ்தவ மறைக்கல்வியிலே அவர் கண்ட முறை. அதனை எடுத்து நன்னூலுக்கும் சைவத்துக்கும் பொருத்தினார். ஆனால் அங்கே வினாவும் ஆசிரியருடையது, விடையும் ஆசிரியருடையது என்பதை நாம் சொல்லியாக வேண்டும். பிள்ளை தானே ஒரு வினாவை எழுப்பும் இன்றைய இலண்டன் வகுப்பறைக்கும் அதற்கும் தூரம் அதிகம். பெற்றோர் நாவலரைச் சான்று காட்டிப் பிள்ளையின் வாயை அடைக்க முயல்வாராயின், அந்நாவலரே தம் ஆசிரியர்களின் முறையை அப்படியே விட்டுவைக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளட்டும்.

மாணவரின் ஒழுக்கத்தில் அவர் எதிர்பார்த்தவை மிகப் பல: அதிகாலையில் எழுதல், தூய்மை, வழிபாடு, பொய்யும் களவும் சூதும் விலக்கல், கடன்படாமை. ஐக்கிய இராச்சியத்து அரச பாடசாலைகளிலே பிரம்பு 1987இல்தான் சட்டத்தால் நீங்கியது. அதற்கு நூறாண்டுக்கு மேல் முற்பட்ட அவர் கண்டிப்பானவராய் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் தாம் சொன்ன ஒழுக்கத்தைத் தாமே நடத்திக் காட்டினார். மணஞ் செய்யவில்லை, சம்பளம் பெறவில்லை. வித்தியாசாலைச் செலவுக்கு வீடுதோறும் பிடியரிசி திரட்டப்பட்டது. பணமாகக் கொடுக்க இயலாத தாய்மாரும் உலையிலிடும் அரிசியிலே ஒரு பிடியை எடுத்து வைத்தனர்.

புகழ்ச்சியோடு நின்றுவிட நாம் விரும்பவில்லை. சாதி வேற்றுமையை நாவலர் ஏற்றவர்; அதனை எழுத்திலும் வைத்தவர். ஒடுக்கப்பட்ட குடிகளின் பிள்ளைகளுக்கு அவருடைய பாடசாலை வாசல் திறந்திருக்கவில்லை. அப்பிள்ளைகளிற் பலர் எழுத்தறிந்தது, அவர் எதிர்த்து நின்ற மிஷன் பாடசாலைகளிலேதான். எவ்வளவு சிறந்த பாடமுறையாயினும் வாசலுக்கு வெளியே நின்ற பிள்ளைக்கு அதனாற் பயன் இல்லை. அவருடைய தொண்டைப் போற்றும் நாம் இதனையும் பிள்ளைகளுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

1864இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை கண்டார். ஆங்கிலக் கல்வி இல்லாது உத்தியோகம் இல்லை என்பதனால் நம்மவர் பிள்ளைகள் மிஷன் பாடசாலைகளையே நாடுவதைக் கண்டு, 1872இல் வண்ணார்பண்ணையில் சைவச் சூழலிலே ஆங்கிலம் கற்பிக்கும் பாடசாலை ஒன்றையும் தொடங்கினார். திண்ணையிலே வளர்ந்தவர் ஆங்கிலத்தை வெறுத்தார் என்று எண்ணுவோர் இதனை அறிதல் வேண்டும். ஆனால் பொருள் முட்டினால் அது சில ஆண்டுகளே நடைபெற்று நின்றுபோயிற்று. பஞ்சமும் வாந்திபேதியும் யாழ்ப்பாணத்தை வாட்டிய 1870களின் பிற்பகுதியிலே கஞ்சித் தொட்டி வைத்து ஏழைகளுக்கு உணவளித்தார்.

1879ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் நாள், ஐம்பத்தேழாவது பிறந்த நாளுக்குச் சில நாட்கள் இருக்க, நாவலர் காலமானார். அவருடைய பாடசாலைகளையும் அச்சியந்திரத்தையும் சதாசிவப்பிள்ளை ஏற்று நடத்தினார். சைவ பரிபாலன சபை 1888இல் தோன்றியது. நின்றுபோன அந்த ஆங்கிலப் பாடசாலையின் எண்ணத்தை அச்சபையார் மீண்டும் கையில் எடுத்தனர். 1890இல் வண்ணார்பண்ணையிலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அவர்கள் பொறுப்பிலே நடக்கலாயிற்று.