ஒளி காட்டிய நொதி

ஆம்ஸ்டர்டாமில் 1851இல் பிறந்த மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க்கின் தந்தை, புகையிலை வணிகம் செய்து நொடித்தவர். வறுமையிலும் கல்வியைக் கைவிடாத மகன், வேளாண் பள்ளியில் ஆசிரியரானார். 1885இல் டெல்ஃப்ட் நகரின் ஈஸ்ட் தொழிற்சாலையில் நுண்ணுயிர் ஆய்வாளராகச் சேர்ந்தார். ஆலைக்கும் கடலுக்கும் தொடர்பில்லை; ஆயினும், கடல்மீன்களின்மீது இருளில் ஒளிரும் பாக்டீரியங்கள் அவரை ஈர்த்தன.

நொதி கண்ணுக்குப் புலப்படாது. அதன் செயலைக் கொண்டே அதனை அறிதல் வேண்டும். அச்செயலைக் காட்டும் விளக்காக இவ்வுயிரிகளையே அவர் ஆக்கிக்கொண்டார். கடல்நீர் கலந்த ஜெலட்டினில் அவற்றை வளர்த்தார். குளுக்கோஸ் கிடைப்பின் அவற்றின் ஒளி மிகும். பாற்சர்க்கரையோ அவற்றுக்கு உணவாகாது. பாற்சர்க்கரை சேர்த்த தட்டில், கெஃபிர் என்னும் புளித்த பாலின் ஈஸ்ட்டை வைத்தார். அதனைச் சூழ்ந்து ஒளி பெருகிற்று! பாற்சர்க்கரையை உடைக்கும் நொதி ஒன்று அங்கே பணியாற்றியது. 1889இல் அதனை ‘லாக்டேஸ்’ என்னும் பெயரால் அறிவித்தார். பால் செரியாதோர்க்கான பாலில் இன்று சேர்க்கப்படுவது இவ்வகை நொதியே.

மாணவரிடம் கடுமை காட்டிய பேராசிரியர் அவர், மணம் புரியவில்லை. தந்தையை நொடிக்கச் செய்த புகையிலையே மகனுக்குப் பெரும்புகழ் தந்தது: அதன் தேமல் நோயை ஆராய்ந்து, 1898இல் வைரஸ் என்னும் கருத்தை நிறுவினார். 1921இல் ஓய்வுபெற்றுக் கோர்ஸல் என்னும் சிற்றூரில் வாழ்ந்து, 1931 சனவரி முதல் நாளில் மறைந்தார்.