ருடால்ஃப் டீசல்

ருடால்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது போர் மூண்டது. குடும்பம் இலண்டனுக்கு இடம்பெயர்ந்தது. அவர் மட்டும் படிப்பதற்காக ஜெர்மனியில் உறவினர் இல்லத்திற்கு அனுப்பப்பட்டார்.

மியூனிக் நகரில் பொறியியல் கற்றபோது, நீராவி இயந்திரம் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வீணாக்குவதை அறிந்தார்; அதைக் குறைக்க வழி தேடினார். காற்றை அழுத்தினால் அது சூடேறும். பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருளும் காற்றும் கலந்தே அழுத்தப்படுகின்றன. அழுத்தம் அளவு மீறினால் கலவை உரிய நேரத்திற்கு முன்பே தீப்பற்றி இயந்திரத்தைச் சிதைக்கும். எனவே டீசல், காற்றை மட்டும் மிகுதியாக அழுத்தி, அதன்பின் எரிபொருளைச் செலுத்தினார். அவ்வெப்பத்தாலேயே எரிபொருள் எரிந்தது.

தொடக்கத்தில் 250 வளிமண்டல அழுத்தம் வேண்டும் எனக் கணக்கிட்டார். அதைத் தாங்கும் இயந்திரத்தைச் செய்ய இயலவில்லை. தம் கணக்கைத் தாமே திருத்தி, அழுத்தத்தைப் பன்மடங்கு குறைத்தார். 1893ஆம் ஆண்டுச் சோதனையில் அளவுக்கருவி வெடித்துச் சிதறியது. எனினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1897இல் அவருடைய இயந்திரம் எரிபொருள் ஆற்றலில் கால் பங்கிற்கு மேல் வேலையாக மாற்றியது.

1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது கடலில் மறைந்தார். 1938இல் திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் பேருந்து விட்டபோது, அதை இயக்கியது டீசல் இயந்திரமே.

வினாக்கள்
1. டீசல் காற்றை மட்டும் அழுத்தியது ஏன்?
2. தம் கணக்கை அவர் எவ்வாறு திருத்தினார்?