ஒரு பெயரும் ஒரு கையும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி மீஞ்சூரைத் தாண்டியதும் அனுப்பம்பட்டு நிலையம் வருகிறது. அதற்கடுத்தது பொன்னேரி. பொன்னேரியிலிருந்து கிழக்கே சென்றால் பழவேற்காடு. ஏரியும் கடலும் கைகோத்து நிற்கும் அவ்வூரில், 1515ஆம் ஆண்டில் தோன்றியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் இக்கரையில் கால் வைத்த காலத்தின் நினைவு அது.

அவர்கள் வணிகம் போயிற்று, ஆட்சி போயிற்று. ஆனால் அவர்களுடைய கப்பலில் வந்த ஒரு பெயர் மட்டும் போகவில்லை. தமிழகக் கடலோர ஊர்களில் வாக்காளர் பட்டியலையோ, பள்ளி வருகைப் பதிவேட்டையோ எடுத்துப் படியுங்கள். சேவியர், சவேரியார், சவரிமுத்து, சவரிமுத்தம்மாள் என்று அப்பெயர் பல உருவில் வரும். அப்பெயரைத் தாங்கியவரிடம் அதன் பொருள் என்ன என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பர். புனித பிரான்சிஸ் சவேரியாரின் வரலாற்றை அறிந்தால்தான் அப்பெயரின் பொருளும், அதற்குள் இருக்கும் துயரமும் விளங்கும்.

இடிந்த வீட்டுப் பிள்ளை

இசுபெயின் நாட்டுக்கும் பிரான்சு நாட்டுக்கும் இடையே பிரனீசு மலைச்சாரலில் நவார் என்றொரு சிறிய அரசு இருந்தது. அங்கு வழங்கும் மொழிகளுள் ஒன்று பாஸ்க். ஐரோப்பாவின் வேறெந்த மொழியோடும் உறவு காட்டப்படாத தனிமொழி அது. அம்மொழியில் எச்சே என்றால் வீடு. பெரி என்றால் புதியது. எச்சேபெரி, அதாவது புதுவீடு, என்னும் சொல்லே காலப்போக்கில் திரிந்து சவியேர் என ஆயிற்று. அது ஓர் ஊரின் பெயர்; ஒரு கோட்டையின் பெயர்; ஆள் பெயர் அன்று.

அக்கோட்டையில் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் பிரான்சிஸ் பிறந்தார். குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. தந்தை நவார் மன்னரின் அவையில் தலைமைப் பதவி வகித்தவர். 1512இல் காஸ்டில் படை நவாரைக் கைப்பற்றியது. 1515இல் தந்தை இறந்தார். மறு ஆண்டு, மன்னருக்கு ஆதரவாக எழுந்த கிளர்ச்சி தோற்றதும், கோட்டையின் மதில்களையும் கோபுரங்களையும் இடித்துத் தள்ள ஆணை வந்தது. பத்து வயதுச் சிறுவன் கண்ணெதிரே புதுவீடு என்னும் பெயருடைய வீடு இடிந்தது. தமையன்மார் இருவரும் நாட்டை மீட்கப் போர்க்களம் சென்றனர். தாய் எஞ்சிய பகுதியில் குடும்பத்தைக் காத்து நின்றார்.

மண்ணின் விளையாட்டு

நவார் நாட்டு மக்களின் உயிரோடு கலந்த விளையாட்டு பெலோட்டா என்னும் கைப்பந்து. நம் ஊர்களில் சடுகுடு எப்படியோ, அங்கே அது அப்படி. மட்டையும் இல்லை, வலையும் இல்லை. வெறும் உள்ளங்கையால் பந்தை அடிப்பதே அதன் பழைய முறை. நூலை இறுகச் சுற்றித் தோலால் மூடிய பந்து கல்லைப் போல் கடினமானது. ஆடுவோர் கை வீங்கிப் போகும். சவேரியார் காலத்தில் இரு சாரார் எதிரெதிரே நின்று ஆடினர். சுவரில் அடித்து ஆடும் முறை பின்னர் வளர்ந்தது. கோயில் சுவரே ஆடுகளச் சுவராக அமைந்த ஊர்கள் அங்குப் பல. 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்திலும் இவ்விளையாட்டின் ஒரு வகை இடம் பெற்றது.

இம்மண்ணில் வளர்ந்த பிரான்சிஸ் 1525இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கும் மாணவரிடையே உள்ளங்கையால் ஆடும் பந்தாட்டம் பெருவழக்காக இருந்தது. ஓட்டத்திலும் தாண்டுதலிலும் அவர் முன்னணியில் நின்றார் என்று வாழ்க்கை வரலாறு எழுதியோர் கூறுவர். பந்தாட்டக்காரர்கள் அவரைத் தம் காவலராகக் கொள்ளும் மரபும் அந்நாட்டில் உண்டு.

படிப்பிலும் அவர் பின்தங்கவில்லை. 1530இல் முதுகலைப் பட்டம் பெற்று, அரிஸ்டாட்டிலின் தத்துவம் கற்பித்தார். பெயரும் பதவியும் பெற்று இடிந்த குடும்பத்தை நிமிர்த்த வேண்டும் என்பதே அவர் கனவு. பாரிசில் இஞ்ஞாசியாரும் அவருடன் தங்கியிருந்தார். வியப்பு என்னவெனில், 1521இல் பாம்ப்லோனாக் கோட்டைப் போரில் இஞ்ஞாசியார் காஸ்டில் பக்கம் நின்று காலில் குண்டடி பட்டவர். சவேரியாரின் தமையன்மாரோ எதிர்ப்பக்கம். பகைவர் அணியில் நின்றவரே ஆசானாக அமைந்தார். பல நாள் தயங்கிய பின்னர் பிரான்சிஸ் அவர் வழி நின்றார். 1534 ஆகஸ்ட் 15ஆம் நாள் தோழர் எழுவரும் பாரிஸ் மோன்மார்த்ர் குன்றில் உறுதிமொழி எடுத்தனர். தம் தாண்டும் திறத்தில் தாம் கொண்ட செருக்குக்குக் கழுவாயாக அவர் கை கால்களைக் கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டதாகவும், கயிறு தசைக்குள் புதைந்து பெருந்துன்பம் விளைத்ததாகவும் அவருடைய தோழர் ஒருவர் எழுதி வைத்துள்ளார். விளையாட்டு வீரன் துறவியாவது எளிதன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

முத்துக் கரையில்

1541 ஏப்ரல் 7, தம் முப்பத்தைந்தாம் பிறந்தநாளில், லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார். பதின்மூன்று மாதம் கழித்து, 1542 மே 6ஆம் நாள் கோவாவை அடைந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்குள்ள பரதவர் சில ஆண்டுகளுக்கு முன்பே கிறித்தவம் தழுவியிருந்தனர். ஆனால் கற்பிப்பார் இல்லை.

மொழி பெருந்தடையாக நின்றது. கொச்சியிலிருந்து எழுதிய மடலில், அம்மக்களின் தாய்மொழி வேறு, தம் தாய்மொழியாகிய பாஸ்க் வேறு என்று அவரே குறிப்பிட்டுள்ளார். அறிந்தோரைக் கூட்டி வைத்து, வேண்டுதல்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஏந்தித் தெருத்தெருவாக ஒலித்துக்கொண்டு சென்று சிறுவரைக் கூட்டினார். பல்கலைக்கழகத்தில் அரிஸ்டாட்டில் கற்பித்தவர், மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் மணலில் அமர்ந்த குழந்தைகளோடு தாமும் குழந்தையாய்த் தமிழ் பயின்றார். ஒரே நாளில் ஓர் ஊர் முழுவதற்கும் திருமுழுக்கு அளித்துக் கை ஓய்ந்து போவதுண்டு என்று 1544 ஜனவரியில் எழுதினார். கல் போன்ற பந்தை அடித்துப் பழகிய நாட்டவரின் கை, கடற்கரை மணலில் ஓய்ந்தது.

அவ்வாண்டு விசயநகரப் படையினர் தென்கரை ஊர்களைத் தாக்கினர். மக்கள் கன்னியாகுமரிப் பக்கத்துப் பாறைத் தீவுகளுக்கு ஓடி ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் வாடினர். உணவு ஏற்றிய தோணிகளைத் திரட்டி அவர்களிடம் செல்ல அவர் பாடுபட்டார். எதிர்க்காற்றால் தோணிகள் திரும்பியபோது தரைவழியே நடந்தார். வீடிழந்தவரின் துன்பத்தை வீடிழந்தவர் அறிவார் அன்றோ!

அவர் செயல் அனைத்தையும் நாம் போற்ற வேண்டியதில்லை. இந்நாட்டுச் சமயங்களை அவர் மதித்தாரல்லர். கோவாவில் சமய விசாரணை மன்றம் வேண்டுமென 1546இல் போர்ச்சுக்கல் மன்னருக்கு எழுதினார். அவர் இறந்தபின், 1560இல், அம்மன்றம் அமைந்து பலருக்குக் கொடுமை விளைத்தது. வரலாற்றைப் படிக்கும் மாணவர் ஒளியையும் நிழலையும் ஒருங்கே காண வேண்டும்.

1545இல் மயிலாப்பூரில் சில மாதம் தங்கினார். பின் மலாக்கா, மொலுக்கத் தீவுகள், 1549இல் சப்பான் என்று அவர் பயணம் நீண்டது. சீன நாட்டுக்குள் நுழையக் காத்திருந்தபோது, 1552 டிசம்பர் 3ஆம் நாள், கடலோரத் தீவொன்றில் ஓலைக் குடிசையில் காய்ச்சலால் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 46.

பெயர் வளர்ந்த கதை

அவர் உடல் கோவாவில் வைக்கப்பட்டுள்ளது. பத்தாண்டுக்கொரு முறை மக்கள் காணத் திறந்து வைக்கப்படுகிறது. 2024 நவம்பர் முதல் 2025 ஜனவரி வரை அவ்வாறு வைக்கப்பட்டது. ஆனால் வலது முன்கை மட்டும் அங்கில்லை. 1614இல் அது உரோமைக்கு அனுப்பப்பட்டு, கெசு ஆலயத்தில் இருக்கிறது.

1622இல் அவர் புனிதர் என அறிவிக்கப்பட்டார். அதன் பின்னரே சவியேர் என்னும் ஊர்ப்பெயர் உலகெங்கும் ஆள்பெயராயிற்று. பிரேசில் விடுதலைக்காக 1792இல் தூக்கிலிடப்பட்ட திராதெந்தசின் இயற்பெயரில் சவியேர் உண்டு. நமக்கு இன்னும் நெருங்கிய சான்று வேண்டுமா? ஈழத்தில் 1913இல் பிறந்து, தூத்துக்குடியில் தமிழ்ப்பணி தொடங்கி, 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணராயிருந்த தனிநாயகம் அடிகளாரின் முதற்பெயரும் சேவியரே. சவேரியார் மறைந்த இரண்டாம் ஆண்டு, 1554இல், லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் நூலை ஆராய்ந்து உலகறியச் செய்தவரும் அவரே. தட்டுத் தடுமாறித் தமிழ் பயின்ற ஒருவரின் பெயர், நானூறு ஆண்டு கழித்துத் தமிழை உலக அரங்கில் ஏற்றிய ஒருவரிடம் வந்து சேர்ந்தது.

நவாரில் டிசம்பர் 3 நாட்டு விழா. 1949 முதல் அந்நாளே பாஸ்க் மொழி நாளுமாகும். அவர் வாழ்நாளில் அவ்வூருக்கு மீண்டும் குடியிருக்கத் திரும்பவே இல்லை. இடிந்த கோட்டை பிற்காலத்தில் செப்பனிடப்பட்டு நிற்கிறது. ஆயினும் புதுவீடு என்னும் சொல்லுக்கு உண்மையான வீடு அமைந்தது கல்லிலன்று. பொருள் அறியாமலே அதை நாள்தோறும் அழைத்துப் பேணும் நம் கடலோரக் குடிசைகளில்தான். இனி வருகைப் பதிவேட்டில் அப்பெயர் ஒலிக்கும்போது, அதன் பொருளை நாம் அறிந்திருப்போமாக!