அயனிகளைச் சுழலவிட்ட லாரன்ஸ்

எங்கள் பாடநூலில் சைக்ளோட்ரான் இரண்டு பக்கங்களில் முடிந்துவிடுகிறது. தேர்வுக்கு ஒரு படம், ஒரு சமன்பாடு, அவ்வளவே! அதனை ஆக்கிய எர்னஸ்ட் லாரன்ஸின் வரலாற்றைப் படித்த பின்னரே அப்படத்திற்கு உயிர் வந்ததாக உணர்ந்தேன்.

1901 ஆகஸ்டு 8ஆம் நாள் அமெரிக்காவின் தெற்கு டகோடா மாநிலத்தில், கான்டன் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை கல்வித்துறைக் கண்காணிப்பாளர். ஆகவே, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்திருக்கும் என்னைப் போன்றவர் அல்லர் அவர். ஆயினும் படிப்புச் செலவுக்காக வீடு வீடாகச் சென்று அலுமினியப் பாத்திரம் விற்றார். பாத்திரம் கூவி விற்போர் நம் தெருவிலும் வருகின்றனர். அவருள் ஒருவர் நோபல் பரிசு பெறுவார் என்று நாம் எண்ணியதுண்டா?

யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1928இல் பெர்க்கிலிக்கு வந்தார். 1929இல் ஒருநாள் நூலகத்தில் விடரோ என்பார் எழுதிய ஜெர்மன் கட்டுரை கண்ணில் பட்டது. ஜெர்மன் மொழி அவருக்குச் சரிவர வராது. ஆனால் படங்கள் புரிந்தன. அயனிகளை நேர்கோட்டில் பலமுறை உந்தித் தள்ளும் முறை அது. நேர்கோட்டை வட்டமாக்கினால் என்ன? காந்தப்புலத்தில் அயனி வட்டமிடும். வேகம் கூடக்கூட வட்டமும் பெரிதாகும். ஆனால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறாது. என்னே எளிய உண்மை! 1931இல் மாணவர் லிவிங்ஸ்டனுடன் அமைத்த கருவியின் விட்டம் நாலரை அங்குலமே. 2,000 வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்தைக் கொண்டு 80,000 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலை அது தந்தது. 1939இல் நோபல் பரிசு கிட்டியது.

அடுத்துக் கூறப்போவது என் மனத்தை உறுத்துவது. போர்க்காலத்தில் அதே தத்துவத்தால் யுரேனிய அயனிகளைப் பிரித்தார். கம்பிச் சுருளுக்குச் செம்பு கிடைக்காமையால் அரசுக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கு மேற்பட்ட வெள்ளி இரவல் பெறப்பட்டது. ஓக் ரிட்ஜில் அவ்வாறு பிரித்த யுரேனியம் 1945 ஆகஸ்டு 6இல் ஹிரோஷிமாவின் மீது வீழ்ந்தது. அவரை வியக்கும் என்னால் இதனை மறைத்து எழுத இயலவில்லை.

1958 ஆகஸ்டு 27இல், 57ஆம் வயதில் மறைந்தார். லேசர் பிறந்ததோ 1960இல். அவர் 1952இல் தோற்றுவிக்கத் துணைநின்ற லிவர்மோர் ஆய்வுக்கூடத்திலேயே பெட்டாவாட் லேசர் எழுந்தது. கண்ணிமைப்பில் கோடியில் ஒரு பங்கினும் மிகக் குறைந்த நேரமே நீடிக்கும் ஒளித்துடிப்பை மெல்லிய தகட்டில் பாய்ச்சினர். எலெக்ட்ரான்கள் தகட்டைத் துளைத்து மறுபுறம் பாய, அங்கே எழுந்த மின்புலம் அயனிகளை இழுத்தெறிந்தது. 2000இல் வெளியான முடிவின்படி புரோட்டான்கள் 58 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் வரை எட்டின. வேடிக்கை என்னவெனில், அந்தப் புரோட்டான்களில் பெரும்பகுதி தகட்டின்மேல் படிந்திருந்த ஈரத்திலும் எண்ணெய்ப் பசையிலும் இருந்து வந்தவை! லாரன்ஸின் கருவிக்கு எத்தனையோ சுற்று தேவை. இங்கே முடியிழையின் பருமனளவு தூரமே போதும். ஆனால் சைக்ளோட்ரான் தருவது ஏறக்குறைய ஒரே ஆற்றலுடைய கற்றை. லேசர் தருவதிலோ பல ஆற்றல்கள் கலந்தே வருகின்றன; அவற்றைச் சீராக்கும் முயற்சி இன்றும் நடைபெறுகிறது.