சூதாடிகளுக்குக் கணக்குச் சொன்ன அகதி

இன்ஜினியரிங் படித்த எல்லாருக்கும் டி மாய்வர் தேற்றம் ஞாபகம் இருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னாடி ஒரு அகதி இருந்தார் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆபிரகாம் டி மாய்வர் 1667ல் பிரான்சில் பிறந்தார். புராட்டஸ்டன்ட் குடும்பம். 1685ல் மன்னர் பதினான்காம் லூயி அவர்களுடைய வழிபாட்டு உரிமையைப் பறித்தார். அடுத்த சில வருஷங்களில் டி மாய்வர் லண்டனில் இருந்தார், வீடு வீடாகப் போய் ட்யூஷன் எடுத்துக்கொண்டு. நியூட்டனின் தடித்த புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்துப் பாக்கெட்டில் வைத்து, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் படித்தாராம். 1697ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். நியூட்டனே நண்பர். ஆனாலும் பல்கலைக்கழக வேலை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. வெளிநாட்டுக்காரர் இல்லையா!

அதனால் காபிக் கடையில் உட்கார்ந்து சூதாடிகளுக்குக் கணக்குச் சொல்லிக் காசு வாங்கினார். அந்தக் கணக்கில்தான் 1733ல் பெரிய விஷயம் ஒன்று பிடிபட்டது. பூவா தலையா 900 தடவை சுண்டினால் தலை 450க்கு 15 முன்னே பின்னே விழ, மூணில் ரெண்டு பங்குக்குக் கொஞ்சம் கூடவே வாய்ப்பு. 3600 தடவை என்றால் 1800க்கு 30 முன்னே பின்னே. ஆட்டம் நாலு மடங்கு ஆனாலும் விலகல் ரெண்டு மடங்குதான். அதிர்ஷ்டம் திரும்பி வந்து கடனை அடைப்பதில்லை. எண்ணிக்கை பெருகும்போது அதில் கரைந்துபோகிறது. தொடர்ந்து அஞ்சு தலை விழுந்தால் அடுத்தது பூதான் என்று பந்தயம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காசுக்கு ஏதுங்க ஞாபகசக்தி?

இங்கே புதுசாக வருகிற பிள்ளைகளிடம், விடாமல் அப்ளை பண்ணு, அதிர்ஷ்டம் ஒருநாள் சரியாகும் என்கிறோம். காசு நேர்மையாக இருந்தால் அது சரி. ஒரு பக்கம் கனத்த காசு என்றால், சுண்டச் சுண்ட அந்தக் கனம்தான் துல்லியமாகத் தெரியவரும். பெயரைப் பார்த்தே ஒதுக்குகிற இடத்தில் நூறாவது விண்ணப்பமும் அதைத்தான் காட்டும். அதைப் பிள்ளையின் துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை என்பது என் கட்சி.

டி மாய்வர் 1754 நவம்பரில் லண்டனில் இறந்தார், 87 வயதில். அதே வருஷம்தான் பாரிஸ் அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது. பிறந்த நாட்டிலும் வெளிநாட்டு உறுப்பினர் என்ற கணக்கில்தான்.