கன்னியாஸ்திரிகளுக்கு மார்பகப் புற்றுநோய் ஏன் அதிகம்? 300 வருடங்களுக்கு முன்பே கேட்ட டாக்டர்: யார் இந்த ராமஸ்ஸினி?

மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்க என்ன வழி என்று தேடினால், தாய்ப்பால் கொடுப்பது அதில் கட்டாயம் இருக்கும். இந்தப் பதிலுக்கான முதல் துப்புகளில் ஒன்று இத்தாலியில் கிடைத்தது. அதைக் கவனித்தவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி.

1633-ல் கார்ப்பி என்ற ஊரில் பிறந்தவர். பார்மாவில் படித்து, மோடேனாவில் பேராசிரியரானார். ஒருநாள் அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளி ரொம்ப அவசரமாக வேலை பார்த்தார். ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்டார் ராமஸ்ஸினி. ரொம்ப நேரம் உள்ளே இருந்தால் கண் போயிடும் என்பதுதான் காரணம். ஒரு பேராசிரியர் நின்று அதைக் காதுகொடுத்துக் கேட்டதே அந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

அதன் பிறகு சுரங்கத் தொழிலாளி, குயவர் என ஒவ்வொருவரின் வேலையும் நோயும் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று பார்க்க ஆரம்பித்தார். நோயாளியிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்றும் டாக்டர் கேட்கணும் என்றார். 1700-ல் புத்தகம் வந்தது. தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என்ற பெயரும் அதனால்தான்.

மற்ற பெண்களைவிடக் கன்னியாஸ்திரிகளுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் என்று எழுதியவரும் இவரே. துறவு வாழ்க்கைதான் காரணமாக இருக்கும் என்று நினைத்தார். ஹார்மோன் என்ற சொல்லே இல்லாத காலம் அது!

சரி, விடை எப்போது தெளிவானது? 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை 2002-ல் லான்செட் இதழில் வந்தது. மொத்தம் 12 மாதம் தாய்ப்பால் கொடுத்தால் அபாயம் சுமார் 4.3 சதவீதம் குறைகிறது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் தனியாக 7 சதவீதம்.

அப்போ கல்யாணம் ஆகாதவர்கள், குழந்தை இல்லாதவர்கள் பயப்படணுமா? வேண்டாம். இது சராசரிக் கணக்கு, யாருடைய தலையெழுத்தும் இல்லை. சொந்தக்காரர்கள் சொல்வது போல கல்யாணம் இதற்கு மருந்தும் இல்லை. மது வேண்டாம், மாதவிடாய் நின்ற பிறகு எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளணும், வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கணும். இதெல்லாம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தும். மார்பில் கட்டி தெரிந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்கணும்.

ராமஸ்ஸினி 1700-லேயே பாதுவா பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டார். கண் பார்வை மங்கிய வயதிலும் புத்தகத்தை விரிவாக்கி 1713-ல் மறுபதிப்பு கொண்டுவந்தார். அடுத்த வருடம் நவம்பர் 5-ம் தேதி பக்கவாதம் தாக்கி இறந்தபோது அவருக்கு வயது 81.