ஜேன் ஒஸ்ரினும் தோடம்பழ மதுவும்

ஆங்கில நாவல் இலக்கியத்திலே ஜேன் ஒஸ்ரின் அம்மையாருக்கு உரிய இடத்தை நம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் படைத்த எலிசபெத்தும் டார்சியும் நம் வகுப்பறைகளிலே நெடுங்காலமாக நடமாடி வருபவர்கள். அவருடைய கதைகளில் வரும் நடன விருந்துகளைப் பற்றியும் திருமணப் பேச்சுக்களைப் பற்றியும் திறனாய்வாளர் எழுதிக் குவித்திருக்கின்றனர். அந்நாவல்களை மாணவர்க்குக் கற்பித்து வரும் நான், அம்மையார் தம் தமக்கைக்கும் தோழியர்க்கும் எழுதிய கடிதங்களையும் அவ்வப்போது எடுத்துப் படிப்பதுண்டு. அங்கே பீப்பாக்களும் பழச்செடிகளும் தேனும் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. வீட்டுத் தோட்டத்துப் பழங்களிலிருந்து மது ஆக்கும் தொழிலை அவர் நன்கறிந்தவர். அவரது வாழ்க்கையை அந்தப் பீப்பாக்களின் பக்கத்திலே நின்று பார்த்தால், நாவல்களிலிருந்து மாத்திரம் தெரியவராத ஓர் உண்மை தெரியவருகிறது என்பது என் கருத்து.

1775ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி, தென் இங்கிலாந்தின் ஹாம்ஷயர் மாநிலத்திலுள்ள ஸ்டீவென்ரன் என்னுஞ் சிற்றூரிலே ஜேன் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபைக் குருவானவர். எட்டுப் பிள்ளைகளில் ஜேன் ஏழாமவர். கசாந்திரா என்னும் தமக்கையார் ஒருவரே உடன்பிறந்த பெண். குருமனை என்றாலும் அது கமக்காரர் வீடு போன்றதே. பசுவும் கோழியும் வளர்த்து, தோட்டம் செய்து, வீட்டுக்கு வேண்டியவற்றை வீட்டிலேயே ஆக்கிக்கொண்ட குடும்பம் அது.

வீட்டு மது என்பது அக்கால ஆங்கிலக் கிராமத்தில் ஓர் அன்றாடத் தேவை. பிரான்சிலிருந்து வந்த முந்திரிகை மதுவுக்குத் தீர்வை மிகுதி. 1793 முதல் 1815 வரை, சிறு இடைவெளிகள் நீங்கலாக, இரு நாடுகளும் போரிட்டு நின்றமையால் அதன் விலை மேலும் ஏறியது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் வேலியோரத்திலும் தோட்டத்திலும் கிடைத்தவற்றைக் கொண்டே மது ஆக்கினர். கூஸ்பெறி என்னும் புளிப்புப் பழமும், கறண்ட் என்னும் சின்னஞ்சிறு பழமும், எல்டர் மரத்தின் கருநிறப் பழமும், புல்வெளியில் மலரும் மஞ்சள் நிறக் கவுசிலிப் பூவும் இதற்கு உதவின. பழத்தை நசித்து நீரில் ஊறவைத்து வடித்துச் சீனி கரைப்பர். வாட்டிய பாண் துண்டொன்றிலே மதுவத்தைத் தடவி அதன்மேல் மிதக்கவிடுவர். பின்னர் பீப்பாவில் ஊற்றி, உள்ளே இரையும் ஓசை அடங்கும்வரை காத்திருந்து, வாயை இறுக அடைத்து, மாதக்கணக்காக இருட்டிலே வைப்பர். மதுவம் ஓர் உயிர் என்பதை விஞ்ஞானிகள் 1837ஆம் ஆண்டளவிலேதான் கண்டறிந்தனர். அதன்பின் லூயி பாஸ்ரர் அதனை ஐயந்திரிபற நிலைநாட்டினார். ஜேனின் காலத்துப் பெண்களுக்கு விளக்கந் தெரியாது. கைப்பழக்கமும் பொறுமையுமே அவர்களுடைய விஞ்ஞானம்.

ஸ்டீவென்ரனுக்கு அயலிலே மனிடவுன் என்றொரு பெருமாளிகை இருந்தது. அங்கு வாழ்ந்த பிக் குடும்பத்துப் பெண்கள் ஒஸ்ரின் சகோதரிகளின் உயிர்த்தோழியர். 1802ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே ஜேனும் கசாந்திராவும் அங்கு விருந்தினராகத் தங்கியிருந்தனர். அப்பொழுது அம்மாளிகைக்கு உரிமையாளராக வரவிருந்த ஹரிஸ் என்னும் இளைஞர் ஜேனை மணக்கக் கேட்டார். அவருக்கு வயது 21. ஜேனுக்கு 27 நிறைய இரு வாரங்களே இருந்தன. சீதனமற்ற குருவானவரின் மகளுக்கு அது எதிர்பாராத பேறு. தாய் தந்தையரின் முதுமைக்கும் தமக்கையின் தனிமைக்கும் அது காப்பாக அமைந்திருக்கும். ஜேன் அன்று மாலை இசைந்தார். மறுநாட் காலை மனத்தை மாற்றிக்கொண்டு மறுத்துவிட்டார். சகோதரிகள் இருவரும் உடனே வண்டியேறி மனிடவுனை விட்டு நீங்கினர். அன்பில்லாத மணத்தை ஏற்க அவர் மனம் ஒப்பவில்லை என்றே நான் கொள்கிறேன். ஆனால் அந்த மறுப்புக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று.

1801இலேயே குடும்பம் ஸ்டீவென்ரனை விட்டுப் பாத் நகருக்குச் சென்றிருந்தது. 1805 ஜனவரியில் தந்தையார் காலமானார். தாயும் இரு புதல்வியரும் சகோதரர்களின் உதவியை எதிர்பார்த்து வாழும் நிலை வந்தது. 1806 முதல் அவர்கள் கடற்படையில் இருந்த பிரான்சிஸ் என்னும் சகோதரருடன் சவுத்தாம்ரன் துறைமுக நகரிலே குடியிருந்தனர். 1807 பெப்ரவரியில் அவ்வீட்டுத் தோட்டத்தைத் திருத்தி, மதிலோரத்திலே கறண்ட், கூஸ்பெறிச் செடிகள் நடும் ஏற்பாட்டை ஜேன் தமக்கைக்கு ஆர்வத்தோடு எழுதுகிறார். 1808 டிசம்பரில், ஸ்புரூஸ் பியர் மீண்டும் ஆக்கிக்கொண்டிருப்பதாகவும், அந்தப் பெரிய பீப்பா தம் பொறுப்பில் இருப்பதாகவும் வேடிக்கையாகத் தெரிவிக்கிறார். ஸ்புரூஸ் என்பது ஊசியிலை மரவகை. அதன் தளிரையோ சாற்றையோ சர்க்கரைப் பாகுடன் சேர்த்துப் புளிக்கவைத்த அப்பானம், கடலோடிகளை வருத்திய ஸ்கேவி நோயைத் தடுக்கும் என அக்காலத்தவர் நம்பினர். கடற்படை வீட்டுக்கு ஏற்ற பானம் அது.

ஜேனின் சகோதரருள் இருவர் கடற்படையினர். இளையவரான சாள்ஸ் தமக்குக் கிடைத்த போர்ப்பரிசுப் பணத்தில், 1801இலே, தமக்கையர் இருவருக்கும் புட்பராகக் கற்சிலுவைகள் வாங்கிக் கொடுத்தவர். அவர் பிற்காலத்தில் கீழைக் கடற்படைக்குத் தளபதியாக வந்தார். 1852 ஒக்ரோபரில் பர்மாவின் ஐராவதி ஆற்றிலே நோயுற்று இறந்தார். அவரது உடல் நமது திருகோணமலையில் அடக்கஞ் செய்யப்பட்டிருக்கின்றது. அம்மையாரின் குடும்பத்துக்கும் நம் மண்ணுக்கும் உள்ள உறவு இதுவே.

1809 யூலையில் எட்வேட் என்னும் சகோதரர் தமக்குரிய ஒரு வீட்டைச் சோட்டன் என்னும் கிராமத்திலே தாய்க்கும் சகோதரிகளுக்கும் வழங்கினார். தோழியான மார்த்தா லொயிட்டும் அவர்களுடன் சேர்ந்து வாழ்ந்தார். அன்னையார் பச்சை நிற மேற்சட்டை அணிந்து உருளைக்கிழங்கு தோண்டுவார். சமையலையும் வீட்டு நிருவாகத்தையும் பெரும்பாலும் கசாந்திராவும் மார்த்தாவும் ஏற்றுக்கொண்டனர். ஜேனுக்குக் காலை உணவும், தேயிலை, சீனி, மது ஆகியவற்றின் சேமிப்பும் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய பொழுது எழுத்துக்கு. யன்னலோரத்துச் சிறு மேசையிலே பழைய பிரதிகள் திருத்தப்பட்டன. புதிய நாவல்கள் பிறந்தன. பெரிய மாளிகையின் தலைவிக்கு இவ்வளவு ஓய்வு கிடைத்திருக்குமா? மனிடவுன் ஹரிஸ் பின்னர் வேறொரு பெண்ணை மணந்து பத்துப் பிள்ளைகளுக்குத் தந்தையானார் என்பதை அறியும்போது இவ்வினாவுக்கு விடை தேட வேண்டியதில்லை.

1811 யூன் மாதக் கடிதமொன்றிலே, தோட்டத்தில் கூஸ்பெறி எண்ணியதைவிட மிகுதியாகவும் கறண்ட் குறைவாகவும் காய்த்திருப்பதனால், மதுவுக்குக் கறண்ட் பழத்தை விலைக்கு வாங்கவேண்டிவரும் என்று அவர் கணக்கிடுகிறார். அவ்வாண்டு ஒக்ரோபரிலேதான் அவரது முதல் நாவல், ஆசிரியர் பெயரின்றி, ஒரு சீமாட்டி எழுதியதென்ற குறிப்புடன் வெளிவந்தது. அதன் முதற் பதிப்பால் அவருக்குக் கிடைத்தது 140 பவுண். பழக்கணக்குப் பார்த்த அதே கண்கள்தாம் நாவலில் ஒவ்வொரு பாத்திரத்தின் ஆண்டு வருமானத்தையும் பவுண் கணக்கில் எடை போட்டன.

வீட்டுப் பானம் அவர் கதைக்குள்ளும் புகுந்தது. 1815 டிசம்பரில் வெளியான 'எம்மா'விலே ஹரியற் என்னும் பேதைப்பெண், தான் விரும்பிய எல்ற்றன் பாதிரியார் எறிந்துவிட்ட பென்சிற் கட்டையைப் பொக்கிஷமாகப் போற்றி வைத்திருக்கிறாள். நைற்லி என்பவர் ஸ்புரூஸ் பியர் ஆக்கும் விதத்தைச் சொல்ல, அதைக் குறித்துக்கொள்ளப் பாதிரியார் எடுத்த பென்சில் அது! காதலின் புனிதச் சின்னம் ஒரு பானக் குறிப்பிலிருந்து பிறந்ததென்று கதை சொல்லும் துணிவு, தம் கையாலே பீப்பாவைக் கவனித்தவருக்கே வரும்.

ஆயினும் அந்த வீட்டு மதுவில் முழுவதும் தோட்டத்துப் பொருளே இருந்ததென்று எண்ணிவிடலாகாது. பழத்தின் புளிப்பை மதுவாக மாற்றிய சீனி மேற்கிந்தியத் தீவுகளிலே அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. 1807இல் பிரித்தானியா அடிமை வாணிகத்தைத் தடுத்தபோதிலும், அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இலேயே நிறைவேறியது. 1814இல் வந்த 'மான்ஸ்பீல்ட் பார்க்' நாவலில் அன்ரீகுவாத் தீவின் தோட்டச் செல்வம் பேசப்படுகிறது. அடிமை வாணிகத்தைப் பற்றிக் கதாநாயகி எழுப்பும் வினாவைத் தொடர்ந்து மௌனம் நிலவுகிறது. சீனியைப் பூட்டி வைக்கும் பொறுப்பிலிருந்தவர் எழுதிய மௌனம் அது என்பதை நாம் மறக்கலாகாது.

1816ஆம் ஆண்டு துன்பங்கள் சேர்ந்து வந்தன. மார்ச் மாதத்தில் ஹென்றி என்னும் சகோதரரின் வங்கி முறிந்தது. குடும்பத்தினர் பலர் பணம் இழந்தனர். ஜேனின் உடலிலே நோயும் தோன்றியது. அவ்வாண்டு ஐரோப்பாவிலே கோடை காலமே இல்லாமற் போயிற்று. முந்திய ஆண்டு ஏப்ரலிலே, இன்றைய இந்தோனேசியாவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்து எழுப்பிய துகள்கள் வெயிலை மறைத்தமையே அதற்குக் காரணம் என்பதை இன்று அறிவோம். ஓயாத மழையும் குளிரும் பூக்களைக் கெடுத்தன. செப்ரெம்பர் 8ஆந் திகதி ஜேன் எழுதிய கடிதத்தில், இவ்வாண்டு தேன் கிடையாதாம் என்ற வருத்தம் காணப்படுகிறது. வீட்டிலிருந்த 20 கலன் தேன்மது தீரும் நிலைக்கு வந்துவிட்டது. இருப்பதைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். முன்னொருகால் 14 கலன் எவ்வாறு அவ்வளவு நாள் வந்ததென்று அவர் வியக்கிறார். எங்கோ கீழ்த்திசையில் வெடித்த மலை, சோட்டன் வீட்டுப் பீப்பாவை வெறுமையாக்கியது. அதே கடிதத்திலேதான், ஆட்டிறைச்சியும் மருந்தும் தலையில் நிறைந்திருக்கும்போது எழுத்து வேலை எவ்வாறு இயலும் என்ற அவரது ஏக்கமும் வெளிப்படுகிறது. ஒரு மாதத்துக்கு முன்னரே அவர் தமது கடைசி முழு நாவலாகிய 'பெர்சுவேஷ'னை எழுதி முடித்திருந்தார். வீட்டு வேலை இன்பமென்று மட்டும் சொல்லி நாம் அவரைப் புகழ்ந்துவிட முடியாது. அது அவரது நேரத்தைத் தின்றதும் உண்மை.

1817 ஜனவரியில் உடல் சற்றுத் தேறியது. அம்மாதம் 24ஆந் திகதி மனிடவுன் குடும்பத்துத் தோழி அலெத்தியாவுக்கு அவர் ஒரு கடிதம் வரைந்தார். நலம் விசாரித்து, ஊர்ச் செய்திகளெல்லாம் கூறிய பின், கடிதத்தின் கடைசியிலே, உண்மையான நோக்கத்தை மரியாதை கருதி ஒளித்து வைத்தவர் போலக் கேட்கிறார்: முன்னாளில் மனிடவுனிலே அருந்திய தோடம்பழ மதுவின் செய்முறை வேண்டும். செவில் நகரத்துக் கசப்புத் தோடம்பழத்தால் ஆகிய மது அது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அம்மாளிகையையும் அதன் தலைவியாகும் பேற்றையும் மறுத்து வந்தவர், இப்பொழுது அங்கிருந்து விரும்பியது ஒரு செய்முறை மாத்திரமே. மறுப்புக்குப் பின்னும் அத்தோழமை குன்றாமல் நிலைத்திருந்தது என்பதற்கும் இக்கடிதம் சான்று. இதனைப் படிக்குந்தோறும், தாம் தெரிந்தெடுத்த வாழ்வைப் பற்றி அவர் உள்ளத்தில் கசப்பு இருக்கவில்லை என்ற எண்ணமே எனக்கு உறுதிப்படுகிறது.

கடிதம் எழுதிய மூன்றாம் நாள், 27ஆந் திகதி, அவர் புதிய நாவலொன்றைத் தொடங்கினார். நோயென்று கற்பித்துக்கொண்டு கடற்கரை நகரிலே கூடும் மனிதரை நகைக்கும் கதை அது. பன்னிரண்டு அத்தியாயங்கள் ஆயின. மார்ச் 18ஆந் திகதியோடு பேனா நின்றது. மே 24ஆந் திகதி அவரை வைத்தியத்துக்காக வின்செஸ்ரர் நகருக்குக் கொண்டு சென்றனர். அங்கே அலெத்தியாவின் சகோதரியார் துணை நின்றார். யூலை 18ஆந் திகதி, 41ஆவது வயதிலே, கசாந்திராவின் மடியிலே தலைவைத்தபடி ஜேன் உயிர்நீத்தார். வின்செஸ்ரர் பேராலயத்திலுள்ள அவரது கல்லறைக் கல்லிலே நாவல்களைப் பற்றி ஒரு சொல்லும் பொறிக்கப்படவில்லை. மார்த்தா எழுதி வைத்த வீட்டுச் செய்முறை ஏடோ இன்றும் சோட்டன் வீட்டிலே பேணப்படுகிறது. 2021இல் அது நூலாகவும் அச்சேறியது.

மாரிக்காலத்தில் கிடைக்கும் தோடம்பழத்தால் ஆக்கிய மது தெளிந்து பருகும் பதம் அடைய மாதங்கள் பல செல்லும். ஜனவரியிலே அதன் செய்முறையைக் கேட்டவர் அடுத்து வரும் நாட்களை நம்பியே கேட்டார். அடுத்த நாவலையும் அந்த நம்பிக்கையுடனேயே தொடங்கினார். சிறிய தோட்டமும் சிறிய பீப்பாவும் சிறிய மேசையுமாக அமைந்த அவ்வாழ்வை நான் வறுமையென்று எண்ணுவதில்லை. அது அவர் விலைகொடுத்து வாங்கிய சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தின் விளைவாகிய ஆறு நாவல்களையும் மாணவர் கையில் எடுக்கும்பொழுது, மனிடவுனை விட்டு வண்டியேறிய அந்த டிசம்பர்க் காலையையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நன்று.